பட்டியலில் இல்லாத சொல்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கே சுகம். நீ சுகமா என்று பொதுவாகக் கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் போடுவாய் என்பதால் விவரமாகவே கேட்கிறேன். முதுகு வலி எப்படி? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறாயா, ஞாபகம் வரும்போது போடுகிறாயா?

வாசலிலேயே கைப்பேசியை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். இனி நாலரை மாதம் கழித்துத்தான். கட்டடத்துக்குள் வெளி இணைப்பும் கிடையாது. கணினிப் பூட்டுகளை உடைக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் கை பழகுவதற்கு ஊரையே உடைத்துவிடக் கூடாதாம். ஆகவே மறுபடியும் தபால். விடுதியில் படித்த காலத்திலேயே பார்த்திருக்கிறேன், நீ பேசுவதில்தான் கஞ்சன், கடிதத்தில் தாராளம்.

ஜன்னலே இல்லாத நீளமான அறை. ஆறு மேசை, ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் லினக்ஸில் ஓடும் ஒரு கணினி இயந்திரம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாம் ஓட்டை உள்ளவை, நாங்கள் உடைத்துப் பழகுவதற்கென்றே வைத்தவை. என்னுடையது ஏழாம் எண். உள்ளே நுழைந்து, எப்படி நுழைந்தோம், எப்படி அடைப்பது என்று அறிக்கை எழுத வேண்டும்.

தொடுவதற்கு முன்னாலேயே ஆசிரியை ஆளுக்கொரு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார். "கையெழுத்து இல்லாம தொட்டா அது திருட்டு. கையெழுத்தோட தொட்டா உத்தியோகம். பார்த்ததை எழுதணும், பார்க்காததை எழுதக் கூடாது. இந்தத் தொழில்ல வேற ஒண்ணும் இல்ல," என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

டோக்கன் அக்காவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். அம்மா படுத்திருந்த நாட்களில் உங்கள் பரிசோதனைக் கூடத்து கவுண்டரிலிருந்து சாயங்காலம் நேராக நம் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுப் போன மனுஷி. வேலை போய் இரண்டு வருடம் ஆகிறது, இப்போது என்ன செய்கிறாரோ.

இப்படிக்கு,
உன் தங்கை


ஜனவரி 20

வெச்சிளத்துக்கு,

முதுகு பரவாயில்லை. மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகுதான். சாப்பாடுதான் நேரத்துக்கு இல்லை. நீ அங்கே பட்டினி கிடக்காமல் இருந்தால் சரி.

உன் ஆசிரியை இந்தக் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தால் ஏதோ சங்கேத பாஷை என்று பிடித்துவைத்துக்கொள்ளப் போகிறார். விளக்கிவிடு. நாலு வயதில் மின்சாரம் போகிற போதெல்லாம் "வெச்சிளம் வேணும், வெச்சிளம் வேணும்" என்று ஊரைக் கூட்டியவள் நீ. வெளிச்சம் வந்த பிறகும் அந்தச் சொல் மட்டும் போகவில்லை. அம்மாவும் போய்விட்டதால் அதை அறிந்தவர்கள் உலகத்தில் இப்போது நாம் இரண்டு பேர்தான்.

பரிசோதனைக் கூடத்தில் எல்லாம் பழையபடி. தோளில் ஒயர் சுருள் இல்லாத நாளிலும் என்னை எல்லோரும் "ஒயர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. ரத்தப் பிரிவில் புதிதாக இரண்டு கணினி வந்திருக்கின்றன, மேலே ஒயர் இழுத்து நான்தான் இணைக்க வேண்டும். ஏணியில் ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார், ஏறு என்று மேலாளர் சொல்கிறார்.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். உடைக்கிற வேலையை நிதானமாகச் செய்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு வாரம் இருமல், இப்போது தேவலை. உன்னுடைய "பரவாயில்லை"யை நான் நம்பவில்லை. டோக்கன் அக்காவைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. மறந்திருப்பாய்.

என் ஏழாம் எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓர் இயந்திரத்துக்கு அறுபத்தையாயிரத்துச் சொச்சம் வாசல். இதில் மூன்று திறந்திருந்தன. அதில் ஒன்று, யார் என்று கேட்காமலே ஆளை உள்ளே விடுகிற கோப்புக் கிடங்கு. அங்கே யாரோ பழைய காப்பு நகல் ஒன்றைப் போட்டுவைத்து மறந்திருக்கிறார்கள். அதற்குள் கடவுச்சொற்களை அரைத்து வைத்த கோப்பு. அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. ஆனால் நம்மிடம் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக அதே போல அரைத்து, எது இதே மாவாக வருகிறது என்று பார்க்கலாம். அதற்கு ஒரு பட்டியல் தந்திருக்கிறார்கள். உலகத்தில் ஆட்கள் வழக்கமாக வைக்கிற கடவுச்சொற்கள், ஒரு கோடியே நாற்பது லட்சம். மூன்று நாளாக ஓடுகிறது.

ஒரு வேடிக்கை கேள். இந்த இயந்திரத்தை இங்கே செய்யவில்லை. எங்கேயோ ஓர் அலுவலகத்தில் ஓடியதன் நகலாம். நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் விவரங்களையும் துடைத்துவிட்டுப் பயிற்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் இருப்பது இரண்டே கணக்கு. ஒன்றின் பெயர் "கவுண்டர்". இன்னொன்று "ஒயர்". எல்லா ஊரிலும் ஓர் ஒயர் இருக்கிறார் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன்.

காலுறை போட்டிருக்கிறேன். பதில் போடு.

தங்கை


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஏணியிலிருந்து விழுந்துவிட்டாயா? விழுந்திருந்தால் அதையாவது எழுது.

பட்டியல் முழுக்க ஓடி முடிந்தது. கவுண்டரும் அசையவில்லை, ஒயரும் அசையவில்லை. மற்ற ஐந்து பேரும் நுழைந்து அறிக்கைக்கு உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறேன்.

நேற்று ஆசிரியை என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "பூட்டையே பார்த்துட்டு இருக்காதீங்க. பூட்டினவர் யாருன்னு யோசிங்க. அவர் எதை அடிக்கடி சொல்லுவாரு, எதைச் சொல்லாம விடுவாரு."

"முகமே தெரியாத ஆளு மேடம்."

"வீட்டுல யாருக்காவது தெரிஞ்ச முகமாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

எனக்குத் தலை வலிக்கிறது. நீ எழுதினால் பாதி குறையும்.

தங்கை


மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

அந்த ஏழாம் எண்ணை விட்டுவிடு. பழைய இயந்திரத்தில் படித்தால் பழைய புத்திதான் வரும். வேறு எண் கேள், கொடுப்பார்கள். இதில் மாட்டிக்கொண்டு ஐந்து பேருக்குப் பின்னால் நிற்பது உனக்கு நல்லதில்லை.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 13

அண்ணா,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். குழாய்க்கு ஆள் வரச் சொன்னாயா? வீட்டில் ஓர் ஆணிக்குக்கூட ஆளைக் கூப்பிடாத மனுஷன் நீ. ஆனால் என்னை உறுத்தியது குழாய் இல்லை, தலைப்பு. இத்தனை வருடத்தில் நீ என்னைத் தங்கை என்று எழுதியதே இல்லை. கோபத்தில் எழுதிய கடிதத்தில்கூட வெச்சிளத்துக்குத்தான் திட்டு விழும். இந்தத் தடவை அதை ஏன் எடுத்தாய் என்று யோசித்துக்கொண்டே இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "எதைச் சொல்லாம விடுவாரு" என்று ஆசிரியை கேட்டது ஞாபகம் வந்தது.

ஒயர் என்ற கணக்கில் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினேன். திறக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதோடு எழுந்து சாப்பிடப் போயிருக்க வேண்டும். பின்னால் என் பிறந்த தேதியைச் சேர்த்துத் தட்டினேன். திறந்துவிட்டது.

நாம் தட்டும் கட்டளைகளையெல்லாம் லினக்ஸ் ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளும். தேதியோடு எழுதச் சொல்லி நீயே அமைத்திருக்கிறாய், ஒழுங்கான ஆள். அம்மா படுக்கையான இரண்டாம் வாரம், வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறாய். அதற்குப் போட்ட மென்பொருள் மிகப் பழசு. கடவுச்சொல்லே இல்லாமல் தள்ளினால் திறந்துகொள்ளும். வெளியிலிருந்து யாரோ நுழைந்து, பணம் கேட்டுப் போட்ட பூட்டில் உங்கள் கூடத்தின் மூன்று வருடத்துப் பரிசோதனை முடிவுகளும் மாட்டிக்கொண்ட அன்று காலை, அந்த வாசலை மூடியிருக்கிறாய். விசாரணைக்கு முந்தின நாள், யார் எந்த வழியாக வந்தார்கள் என்ற பதிவேட்டை அழித்திருக்கிறாய். அழித்த கட்டளையும் எழுதப்படும் என்பது உனக்கு அப்போது தோன்றவில்லை.

டோக்கன் அக்காவுக்கு வேலை போனது கவுண்டர் கணினியில் வந்த கெட்ட மின்னஞ்சலை அவர் திறந்தார் என்பதற்காக. அப்படி எழுதிக் கொடுத்தது யார்? எனக்குத் தெரியாது என்று நீ சொன்னால் நம்பிவிடுவேன். சொல்லேன் அண்ணா.

தங்கை


ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

முதுகு நன்றாக இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. உன்னிடம் உண்மையைச் சொல்ல இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வரி. விசாரணைக்கு வந்தவர்களுக்குக் கணினி தெரியாது. "ஒயர், நீயே சொல்லுப்பா, ஓட்டை எங்க?" என்று என்னையே கேட்டார்கள். கவுண்டர் என்று வாயில் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று எழுதுகிறேன் பார், இப்போதுகூட.

விடுப்பு முடிந்துபோயிருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கத்தான் அந்த வாசலைத் திறந்தேன். ஒரு கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினேன். அம்மா போன பிறகு மூட மறந்துவிட்டேன். அது தவறு. மற்றது தவறு இல்லை, வேறு. அதற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

அப்போது சர்வரைச் சரிசெய்ய வந்த நிறுவனத்தார் ஒரு நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். அது சுற்றிச் சுற்றி உன் மேசைக்கு வரும் என்று யார் கண்டது. உங்கள் அறிக்கைகள் இயந்திரத்தைக் கொடுத்தவர்களுக்கும் போகும் என்று கேள்விப்பட்டேன். அங்கிருந்து இங்கே வர ஒரு வாரம் போதும்.

கடவுச்சொல் எப்படிக் கிடைத்தது என்ற இடத்தில் "பட்டியலில் கிடைத்தது" என்று எழுது. அந்தக் கட்டளைக் கோப்பை நீ திறக்கவே இல்லை என்று இருக்கட்டும். ஒரு வரிதான். கெஞ்சுகிறேன் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் அதுதான் செய்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஏப்ரல் 18

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்தில் இந்த டோக்கன் அக்காவுக்கும் ஒருத்தி கடிதம் எழுதுகிறாளே என்று மகளிடம் காட்டினேன். நானும் மகளும் நல்லபடியாக இருக்கிறோம். நீ இளைத்திருப்பாய், விடுதிச் சாப்பாடு அப்படித்தான்.

பள்ளிக்கூட வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை பார்க்கிறேன். கணினி இல்லாத வேலையாகத் தேடிப் பிடித்தது. சின்ன வாண்டுகள், இறங்கும்போது ஒன்றுகூட எனக்கு டாட்டா காட்டாமல் போகாது.

அந்த மின்னஞ்சலைப் பற்றிக் கேட்டிருந்தாய். இன்னும் எனக்கு ஞாபகம் வரவில்லை தங்கச்சி. ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்கு டோக்கன் போட்டேன், எதை எப்போது தொட்டேனோ. உன் அண்ணன் சொன்னபடி கடவுச்சொல்லைக்கூட மாதம் தவறாமல் மாற்றுவேன். ஆனாலும் பெரியவர்கள் விசாரித்துச் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். எத்தனை நோயாளிகள் முடிவு கிடைக்காமல் அலைந்தார்கள். குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்த ஒரு பெண் என் கவுண்டர் முன்னால் நின்று அழுதாள். அவள் முகம் மறக்கவில்லை. இப்போது ரயில் நிலையத்தில் டிக்கெட் எடுக்கிற இயந்திரத்தைத் தொடக்கூட மகளைத்தான் அனுப்புகிறேன். என் கை பட்டால் எது கெடுமோ.

உன் அண்ணன் மாதம் ஒரு தடவை வருவார். ட்யூப் லைட் மாட்டினார், மின்விசிறியைச் சரிசெய்தார். "உள்ள வாங்க தம்பி" என்றால் "நேரமாச்சுக்கா" என்று வாசலோடு போய்விடுவார். தங்கமான மனுஷன். விசாரணையில் எனக்காக ஒரு வார்த்தை பேசித்தான் பார்த்திருப்பார், எடுபடவில்லை போலிருக்கிறது.

ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. உனக்கும் தலை வாரிவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 22

அண்ணா,

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இதோடு டோக்கன் அக்காவின் கடிதம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு இதற்கு வா.

படித்துவிட்டாயா?

நீ கேட்ட ஒரு வரியை எழுதிப் பார்த்தேன். எழுத எளிதாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. கவுண்டர் என்று உனக்கு வந்ததும் இவ்வளவு எளிதாகத்தான் வந்திருக்கும். அழித்துவிட்டேன்.

அந்த வாசலுக்காக எனக்குக் கோபம் இல்லை. நான் விடுதியில் தேர்வு என்று உட்கார்ந்திருந்தேன், அம்மாவின் கையைப் பிடித்திருந்தது நீ. அதற்கு உன் காலில் விழுவேன். எனக்குக் கோபமெல்லாம் அந்த இரண்டு வரிக்கு. அக்காவுக்கு வேலை போனதுகூட இல்லை. தான் செய்யாததைச் செய்ததாக அவரே நம்பிவிட்டார். அவருடைய கடவுச்சொல் கடைசி வரை அசையவில்லை அண்ணா. நீ சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

மே 8 அன்று அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. பட்டியல் என்று எழுத மாட்டேன். ஆனால் யாரோ எழுதிய அறிக்கை சுற்றி வந்து அக்காவுக்குத் தெரிவதும் எனக்குப் பிடிக்கவில்லை. உன் வாயால் தெரியட்டும். எட்டாம் தேதி வரை காத்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

தங்கை


மே 4

அன்புள்ள                    க்கு,

தலைப்பில் இடம் விட்டிருக்கிறேன். எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். கொஞ்சம் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். எப்போதும் போல "உள்ள வாங்க தம்பி" என்றார். இந்தத் தடவை போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. வாசல் திறந்தது, மூட மறந்தது, பதிவேட்டை அழித்தது, இரண்டு வரி எழுதியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மகளின் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி கையிலேயே நின்றுவிட்டது.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப நான் இல்லையா?"

"இல்லக்கா."

"நான் எதையும் திறக்கலையா?"

"நீங்க எதையும் திறக்கல."

தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார். அப்புறம்தான் அழுதார். அழுது முடித்ததும், "இனிமே இங்க வராதீங்க," என்றார். ட்யூப் லைட்டை அணைத்தார். பட்டப்பகலில் அது எரிந்துகொண்டிருந்ததையே நான் அப்போதுதான் கவனித்தேன்.

திங்கட்கிழமை மேலாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். படித்தார், சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார், வீட்டுக்குப் போகச் சொன்னார். மறுபடி விசாரணை உண்டு. அக்கா மேல் தவறில்லை என்று அலுவலகத்திலிருந்து அவருக்கு இன்னும் கடிதம் போகவில்லை. போகும் வரை தினமும் அலுவலகத்து வாசலில் நிற்கப்போகிறேன். நிற்பது எனக்குப் பழகிய வேலைதானே.

கட்டத்தில் நடந்ததை எழுது.

அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். இரண்டு மாதத்துக்குப் பிறகு நேற்று வயிறாரச் சாப்பிட்டேன். நீயும் சாப்பிடு.

அறிக்கை கொடுத்துவிட்டேன். கடவுச்சொல் எப்படிக் கிடைத்தது என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: "என் அண்ணன் என்னை அழைக்கும் சொல். அவர் அப்படி அழைப்பதை நிறுத்தியதால் கிடைத்தது." கட்டளைக் கோப்பில் பார்த்ததை எல்லாம் தேதியோடு கீழே எழுதினேன். கவுண்டர் கணக்கிலிருந்து தவறு நடந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை என்பதைத் தனி வரியாக எழுதினேன்.

ஆசிரியை அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொந்த அண்ணனா?"

"ஆமா மேடம்."

"கையெழுத்துப் போடுறீங்களா?"

"போடுறேன்."

போட்டேன். பேனா எழுதவில்லை, அவருடையதை வாங்கிப் போட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை, கவனி. அதைச் சொல்ல வேண்டியவர் நான் இல்லை. நீ அக்கா வீட்டுக்குப் போகாதே, அவர் சொன்னால் சொன்னதுதான்.

இருபதாம் தேதி வருகிறேன். காலையில் நேராக அக்கா வீட்டுக்குத்தான். அவரை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போய் அந்த டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தப்போகிறேன். ஒன்றும் சொல்லித்தர மாட்டேன், பக்கத்தில் நிற்பேன். அவர் கையாலேயே ஒரு டிக்கெட் எடுத்த பிறகு, சாயங்காலம் நம் வீட்டுக்கு வருவேன். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கும் என்று தெரியும். ஆளைக் கூப்பிடாதே, நாம் இருவரும் பார்த்துக்கொள்ளலாம்.

உன் கடிதத்தில் விட்ட இடத்தைப் பேனாவால் நிரப்பி, மடித்து, பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வெச்சிளம்